தடை போட்டால் போக்கர் எங்கே போகிறது?

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. போன வருடம் ஒரு பின்னேரம், அங்கே வழக்கமாக வரும் பெடியன் ஒருவன் தன் போனை என் முன்னால் நீட்டினான். "அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ." வட்ஸ்அப்பில் நீண்ட உரையாடல். மற்றப் பக்கத்திலிருந்து கடைசியாக வந்த செய்தி, "நாளைக்குப் போடுறன் தம்பி". அதற்குக் கீழே இவன் அனுப்பிய எட்டு ஒன்பது செய்திகள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒற்றைச் சரி மட்டும்தான். ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை.

விசயம் இதுதான். மூன்று மாதமாக இரவில் ஒன்லைன் போக்கர் விளையாடி 62,000 ரூபா வரை சேர்த்திருந்தான். அவன் பயன்படுத்திய ஆப் பெயரளவில் ஓர் இலவச விளையாட்டு. உள்ளே காசுக்குப் பதிலாக வைத்து விளையாடும் சிப்ஸுக்குப் பண மதிப்பு எதுவும் கிடையாது என்று அதை நடத்துகிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஆப்புக்குள் ஆளாளுக்கு 'கிளப்' நடத்துகிறார்கள், ஒவ்வொரு கிளப்புக்கும் ஓர் ஏஜென்ட் இருக்கிறார். அவருடைய வங்கிக் கணக்கில் காசு போட்டால் சிப்ஸ் ஏற்றிவிடுவார். வென்றால் சிப்ஸை அவரிடம் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்க வேண்டும். மொத்த ஏற்பாடும் அந்த ஒரு மனிதரின் வாக்கில் தொங்குகிறது. தொகை பெரிதானதும் இந்த மனிதர் இவனை பிளாக் பண்ணிவிட்டார்.

"பொலிஸிலை சொல்லலாமோ?" என்று கேட்டான். போய் என்னவென்று சொல்வது? சட்டம் ஏற்காத ஒரு மேசையில் வென்ற காசை, சட்டத்தில் இல்லாத ஒரு முகவர் தரவில்லை என்றா? முறைப்பாட்டை எழுதப் போய்த் தானே மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது. நான் அவனுக்கு உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எதுவும் இருக்கவில்லை.

ஒன்லைன் போக்கரை அரசாங்கங்கள் தடுக்கக்கூடாது என்று நான் சொல்வதற்கு இந்தப் பெடியனும் ஒரு காரணம். பணம் வைத்து விளையாடுவதை உயர்ந்த காரியம் என்று வாதாட நான் வரவில்லை. தடை வரும்போது விளையாட்டு நிற்பதில்லை, விளையாடுகிறவன் போய் முறையிடக்கூடிய இடம் இல்லாமல் போகிறது. இதை இலங்கையிலும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் நடந்ததை வைத்தே காட்டலாம்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். கார்ட்ஸ் எங்கள் வீடுகளுக்குப் புதிதில்லை. செத்தவீட்டில் இரவு முழிக்கிற ஆட்கள் 304 போட்டுத்தான் விடிய வைப்பார்கள். ஜாக்கிற்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76 புள்ளி, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. என்ன தாள் வருகிறது என்பது அதிர்ஷ்டம். ஆனால் எந்தத் துரும்பு விழுந்தது, யாரிடம் எது மிச்சம் இருக்கிறது என்று மனதில் கணக்கு வைத்திருக்கிற கிழவரை ஒரு கை மடக்கலாம், ஒரு இரவு முழுக்க மடக்க முடியாது. இதை 304 விளையாடிய எவரும் ஒத்துக்கொள்வார்கள்.

போக்கரும் அந்தச் சாதிதான். இன்று அதிகம் விளையாடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு மூடிய தாள், மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து தாள். உங்கள் கையில் இரண்டு ஹார்ட்டின், மேசையில் விழுந்த நான்கில் இரண்டு ஹார்ட்டின் என்று வையுங்கள். இன்னும் ஒரு தாள் வர இருக்கிறது. அதுவும் ஹார்ட்டினாக விழுந்தால் ஐந்து தாள் ஒரே இனமாகச் சேர்ந்து கை உங்களுடையது. நீங்கள் பார்க்காத தாள்கள் 46, அதில் ஹார்ட்டின் 9. அதாவது ஐந்து தடவைக்கு ஒரு தடவையைவிடக் கொஞ்சம் குறைவு, 19.6 வீதம். மேசை நடுவில் 800 ரூபா இருக்கிறது, எதிராளி 200 வைக்கிறார். நீங்கள் 200 போட்டால் 1,000 கிடைக்கலாம். ஆறுக்கு ஒரு தடவை வென்றாலே கணக்குச் சரி, உங்களுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆகவே போட வேண்டும். அதே எதிராளி 200க்குப் பதிலாக 800 வைத்தால்? இப்போது மூன்றுக்கு ஒரு தடவை வென்றால்தான் கட்டும். தாளை மடித்துவிட்டு அந்தக் கையிலிருந்து விலக வேண்டும். உங்கள் தாள் மாறவில்லை, அதிர்ஷ்டமும் மாறவில்லை. முடிவு மட்டும் மாறிவிட்டது. அதற்கு மேல்தான் எதிராளி பொய் சொல்கிறாரா, முந்திய கைகளில் எப்படி நடந்துகொண்டார் என்ற கணக்கெல்லாம் வருகிறது.

ரூலெட்டில் இப்படி எதுவும் இல்லை. ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 எண்கள், சரியான எண்ணைச் சொன்னால் 35 மடங்கு தருவார்கள். எவ்வளவு யோசித்து வைத்தாலும் நீண்ட காலத்தில் வைத்த காசில் 2.7 வீதம் கசினோவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். போக்கரில் நடத்துகிறவர் யார் வென்றாலும் கவலைப்படுவதில்லை. ஒவ்வொரு கையிலும் 'ரேக்' என்று ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இதில் இன்னொரு உண்மையையும் மறைக்கக்கூடாது. அந்த ரேக் போன பிறகு மேசையில் இருக்கும் எல்லோருடைய கணக்கையும் கூட்டினால் நட்டம்தான் வரும். சிலர் வெல்கிறார்கள் என்றால் பலர் தோற்றுத்தான் அது நடக்கிறது.

திறமை எவ்வளவு என்பதற்குக் கணக்கும் உண்டு. 2010ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடர் முடிவுகளை ஸ்டீவன் லெவிட், தோமஸ் மைல்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். தொடர் தொடங்கும் முன்பே திறமைசாலிகள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் போட்ட காசுக்கு 30 வீதத்துக்கு மேல் இலாபம் பார்த்திருந்தார்கள். மற்றவர்களுக்கு 15 வீதத்துக்கு மேல் நட்டம். அப்புறம் 2017 ஜனவரியில் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை வீரர்களை 20 நாளில் 1,20,000 கைகள் விளையாடித் தோற்கடித்தது. லொத்தர் இழுப்பதில் மனிதரைத் தோற்கடிக்க யாரும் கணினி நிரல் எழுதமாட்டார்கள்.

இனி எங்கள் ஊர்ச் சட்டம். இலங்கையில் சூதாட்டத்தைத் தண்டிக்கும் அடிப்படைச் சட்டம் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் சேவல் சண்டையையும் சூதாட்ட வீடுகளையும் மனதில் வைத்து எழுதியது. 'இடம்' என்பதுதான் அதன் அச்சு. எந்த இடத்தில் கூடினார்கள், எந்த இடத்தில் தாள் பிடிபட்டது என்றுதான் அது யோசிக்கும். மருதானையில் இருக்கிறவரும் மட்டக்களப்பில் இருக்கிறவரும் வேறெங்கோ இருக்கிற ஒரு சேவர் கணினி வழியாக ஒரே மேசையில் உட்காருவதை அந்தச் சட்டம் கற்பனையே செய்திருக்க முடியாது. 2010இல் கசினோக்களுக்கென்று தனியாக ஒரு சட்டம் வந்தது, அதுவும் கட்டடங்களைப் பற்றியதுதான். 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய கட்டளைச் சட்டத்தையும் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையும் நீக்கி எல்லாவற்றையும் ஒரு குடையின் கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். ஒன்லைன் சூதாட்டமும் துறைமுக நகரமும் அதன் வரம்புக்குள் வருகின்றன. 136 வருடத்துக்குப் பிறகு கிடைத்த இந்த வாய்ப்பை எப்படிப் பயன்படுத்தப் போகிறோம் என்பதுதான் இப்போது முக்கியம்.

அரசு எதை அனுமதிக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேசிய லொத்தர் சபை 1963 முதல் இயங்குகிறது, அதற்குப் பிறகு அபிவிருத்தி லொத்தர் சபையும் வந்தது. இரண்டும் அரசினுடையவை. புறக்கோட்டை பஸ் நிலையத்தில் இறங்கினால் பத்தடிக்கு ஒரு சுவீப் டிக்கட் கடை. காலி வீதியில் குதிரைப் பந்தய புக்கிகள். கொம்பனித்தெருவில் 2025 ஆகஸ்டில் சிட்டி ஒஃப் ட்ரீம்ஸ் கசினோ திறந்தது. கொழும்பு கசினோக்களில் போக்கர் மேசைகள் உண்டு. இலங்கைக் குடிமகன் உள்ளே போக 50 டொலராக இருந்த நுழைவு வரியை 2025இல் 100 டொலராக ஆக்கினார்கள். வெளிநாட்டவருக்கு அந்த வரி இல்லை. ஏறக்குறைய 30,000 ரூபா கட்டி வாசலைத் தாண்டக்கூடியவருக்குக் கண்காணிப்புக் கமராவும் காசாளரும் ரசீதும் இருக்கிறது. 500 ரூபாவுக்கு விளையாட நினைக்கிற தேத்தண்ணிக் கடைப் பெடியனுக்கு வட்ஸ்அப் ஏஜென்ட். வசதி குறைந்தவனைச் சூதிலிருந்து காப்பாற்றத்தான் இப்படி என்று சொல்கிறார்கள். அவனைத்தான் இது மிக மோசமான மேசைக்கு அனுப்புகிறது.

தடை என்பது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விளையாடும் லட்சக்கணக்கான ஆட்களை எந்த அரசாலும் பிடிக்க முடியாது. ஆகவே பணம் போகும் வழியை அடைப்பார்கள், இணையத்தளத்தை முடக்குவார்கள். இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு அமெரிக்கா.

2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் 86 டொலர் கட்டி ஒரு தகுதிச் சுற்றில் வென்றார். அந்த இடத்தை வைத்து லாஸ் வேகாஸ் போய் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 25 லட்சம் டொலரை எடுத்தார். அந்த வருடம் அப்போட்டியில் 839 பேர். 2006இல் 8,773 பேர். அதே 2006 ஒக்டோபரில் துறைமுகப் பாதுகாப்புக்கான ஒரு சட்டமூலத்தின் வாலில் கட்டி, இணையச் சூதாட்டத்துக்குப் பணம் அனுப்புவதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். போக்கர் விளையாடுவது குற்றமென்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வங்கிகளும் அட்டை நிறுவனங்களும் அந்தப் பணத்தைத் தொடக்கூடாது என்றது.

நடந்தது என்ன? பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு வெளிப்படையாகக் கணக்குக் காட்டிவந்த பார்ட்டி போக்கர் என்ற தளம் அமெரிக்காவை விட்டு வெளியேறியது. சட்டத்தைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் தங்கினார்கள், சந்தை அவர்களிடம் போனது. பணத்தை எப்படி நகர்த்தினார்கள் என்று பிறகு வந்த குற்றப்பத்திரிகை சொல்கிறது. போக்கர் வைப்புத் தொகையை நகை, பூ, கோல்ஃப் பந்து விற்றதுபோல் போலிக் கடைகளின் பெயரில் வங்கிகளுக்குக் காட்டினார்களாம். 2011 ஏப்ரல் 15ஆம் திகதி போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சலூட் போக்கர் மூன்றின் மீதும் நியூயோர்க்கில் வழக்கு வந்தது, தளங்கள் முடக்கப்பட்டன. போக்கர் ஆட்கள் அதைக் 'கறுப்பு வெள்ளி' என்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் உள்ளே இருந்த ஓட்டை வெளியே தெரிந்தது. ஃபுல் டில்ட் உலகம் முழுவதும் விளையாடுபவர்களுக்குக் கொடுக்க வேண்டியது ஏறக்குறைய 39 கோடி டொலர், வங்கியில் இருந்தது 6 கோடி. மிச்சத்தை உரிமையாளர்கள் பங்கு பிரித்திருந்தார்கள் என்று அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினார்கள். போக்கர்ஸ்டார்ஸ் தன்னுடைய அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குச் சில வாரங்களிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒரே நாளில், ஒரே வழக்கில் விழுந்த இரண்டு நிறுவனங்களுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்? போக்கர்ஸ்டார்ஸுக்கு அனுமதி கொடுத்தது பிரித்தானியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் மான் தீவு. அங்கே விளையாடுபவர் பணத்தை நிறுவனத்தின் பணத்தோடு கலக்கக்கூடாது என்று விதி. ஃபுல் டில்டுக்கு அனுமதி கொடுத்த ஓல்டர்னி தீவில் அந்த விதி அப்போது இல்லை.

எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிக முக்கியமான இடம் இதுதான். அதுவரை ஏறக்குறைய ஐந்து வருடம் அமுலில் இருந்த அமெரிக்கத் தடை, விளையாடியவர்களின் ஒரு டொலரையும் காப்பாற்றவில்லை. ஒரு சின்னத் தீவின் கணக்கு விதி காப்பாற்றியது. ஃபுல் டில்டில் மாட்டியவர்களுக்கு, 2012இல் போக்கர்ஸ்டார்ஸ் 73 கோடியே 10 லட்சம் டொலருக்கு அரசோடு சமரசம் செய்து அந்த நிறுவனத்தை ஏற்ற பிறகுதான் வழி திறந்தது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு முதல் தொகுதிப் பணம் 2014 பெப்ரவரியில்தான் கைக்கு வந்தது, ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து. இதற்கிடையில் நெவாடா, டெலவெயர், நியூ ஜேர்சி ஆகிய மாநிலங்கள் 2013இல் தாங்களே அனுமதிப்பத்திரம் கொடுத்து ஒன்லைன் போக்கரைத் திறந்துவிட்டன.

ஏமாற்று வேலை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் "இணையத்தில் யாருக்குத் தெரியும், தாளைப் பார்த்துக்கொண்டு விளையாடுவான்கள்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. அப்படியே நடந்திருக்கிறது. 2007இல் அப்சலூட் போக்கரில் ஒரு கணக்கு எதிராளிகளின் மூடிய தாள்களைப் பார்த்துப் பார்த்து விளையாடியது. அதைக் கண்டுபிடித்தது பொலிஸ் இல்லை, விளையாடியவர்கள். தோற்ற ஒருவர் தன் ஆட்டப் பதிவைக் கேட்டபோது, தளம் தவறுதலாக எல்லோருடைய மூடிய தாள்களும், பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இணைய முகவரிகளும் அடங்கிய ஒரு எக்செல் கோப்பை அனுப்பிவிட்டது. அதை உட்கார்ந்து ஒவ்வொரு கையாக அலசி மோசடியை நிரூபித்தார்கள். ஒன்லைன் போக்கரில் ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு பந்தயமும் பதிவாகிறது. அந்தப் பதிவைக் கேட்டுப் பெறும் உரிமையும், அதை ஆராயும் அதிகாரியும் இருந்தால் செத்தவீட்டு 304ஐவிட இதில் களவு பிடிப்பது லேசு. கிளப் ஆப்பில் அந்த உரிமை யாருக்கும் இல்லை.

இப்போது பக்கத்து நாட்டுக்கு வருவோம். கொழும்பில் நாங்கள் சென்னைத் தொலைக்காட்சியோடு வளர்ந்தவர்கள், ரம்மி விளம்பரங்கள் எங்கள் வரவேற்பறைக்குள்ளும் வந்தன. தமிழ்நாட்டில் ஒன்லைன் ரம்மியில் கடன்பட்டுப் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தச் செய்திகள் என்னையும் உலுக்கின. தடை கேட்டவர்களை நான் எதிரிகளாகப் பார்க்கவில்லை. அவர்கள் பார்த்த சாவுகள் உண்மையான சாவுகள்.

தமிழ்நாட்டு அரசு செய்தது இது. பணம் வைத்த ஒன்லைன் விளையாட்டைத் தடுக்க 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021இல் சட்டம். ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், முழுத் தடை அளவுக்கு மிஞ்சியது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3ஆம் திகதி அதை இரத்துச் செய்தது. நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022இல் மறுபடியும் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் அமுலுக்கு வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, அதில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்த பகுதியை மட்டும் நீக்கியது. ரம்மி திறமை விளையாட்டு என்ற நிலைப்பாடு இந்திய உச்ச நீதிமன்றத்தில் 1968 முதல் இருப்பது.

அதற்குப் பிறகு தமிழ்நாடு செய்ததுதான் கவனிக்க வேண்டியது. தடை கைகூடாத நிலையில் 2025 பெப்ரவரியில் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து விளையாட முடியாது, ஆதார் மூலம் ஆளை உறுதிப்படுத்த வேண்டும், செலவு எல்லை வைக்க வேண்டும். நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன, 2025 ஜூனில் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. நள்ளிரவுத் தடையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். விட்ட காசைப் பிடிக்க நினைக்கிற மனிதன் அதிகம் இழப்பது நித்திரை இல்லாத அந்த ஐந்து மணித்தியாலத்தில்தான். மேசையில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2025 ஆகஸ்டில் டில்லி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, 20ஆம் திகதி மக்களவை, 21ஆம் திகதி மாநிலங்களவை, 22ஆம் திகதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் என்று மூன்றே நாளில் முடித்தது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்த ஒன்லைன் விளையாட்டு எதுவும் கூடாது. நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபா வரை அபராதம். பதிவு செய்து, வரி கட்டி, ஆள் அடையாளம் பார்த்து நடத்திய நிறுவனங்கள் சில நாட்களில் கடையை மூடின. தமிழ்நாடு இவ்வளவு பாடுபட்டு எழுதிய நள்ளிரவு விதி இப்போது யார் மீது செல்லும்? அடையாளம் கேட்காத, வெளிநாட்டில் இருக்கிற, நேரம் காலம் பார்க்காத தளம் எந்த விதிக்கும் கட்டுப்படாது.

இலங்கையில் தடை கேட்பவர்களிடம் இன்னொரு காரணமும் இருக்கிறது. டொலர். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றதை, எரிவாயு வரிசையில் நின்ற எவரும் மறக்கவில்லை. அந்த நாட்டில் போக்கர் மேசைக்கு டொலர் வெளியே போவதை யாரும் விரும்பமாட்டார்கள், நானும்தான். மெய்நிகர் நாணயத்துக்குக் கடன் அட்டை, டெபிட் அட்டை பயன்படுத்தக்கூடாது என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் ஏஜென்ட் முறை அட்டையைத் தொடுவதே இல்லை. ரூபா உள்ளூர்க் கணக்கிலிருந்து உள்ளூர்க் கணக்குக்குப் போகிறது, அதற்கு அப்பால் ஏஜென்ட் மேலே இருப்பவரோடு எப்படிக் கணக்குத் தீர்க்கிறார் என்பது வங்கியின் கண்ணுக்குத் தெரியாது. டொலரைக் காக்க வேண்டுமென்றால் ரூபாவில் நடக்கும், இங்கே பதிவான, இங்கே வரி கட்டும் மேசை வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு கோடிச் சொச்சம் பேர் உள்ள நாட்டில் போக்கர் விளையாடுகிறவர்கள் சில ஆயிரம் பேராக இருக்கலாம். இரவு பத்து மணிக்கு மேசை நிரம்பாவிட்டால் ஆட்கள் பழைய கிளப்புக்கே போய்விடுவார்கள். பிரான்சும் ஸ்பெயினும் இந்தச் சிக்கலை அனுபவித்தன. நாட்டுக்குள் மட்டும் என்று வேலி போட்டதும் மேசைகள் காய்ந்தன. பிறகு 2017இல் போர்த்துக்கல்லையும் சேர்த்து உடன்படிக்கை செய்து, மூன்று நாட்டு அனுமதி பெற்றவர்களும் ஒரே மேசையில் விளையாட வழி செய்தார்கள். நியூ ஜேர்சியும் நெவாடாவும் டெலவெயரும் அப்படித்தான். சின்ன நாட்டுக்கு இதை முதல் நாளே யோசித்து எழுதுவது நல்லது.

அடிமையாகிறவர்கள் பற்றிய கேள்விக்கு நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. சிலருக்கு எந்தத் திறமைப் பேச்சும் பொருந்தாது. அவர்கள் மேசைக்கே வரக்கூடாது. பிரித்தானியாவில் காம்ஸ்டொப் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. ஒருவர் தன் பெயரை ஒரு தடவை கொடுத்தால், அனுமதிபெற்ற எல்லா ஒன்லைன் தளங்களும் அவரை வெளியே வைத்தாக வேண்டும். 2020 மார்ச் இறுதியிலிருந்து இது கட்டாயம். அதே வருடம் ஏப்ரலில் கடன் அட்டையில் சூதாடுவதையும் நிறுத்தினார்கள். கடன் வாங்கி விளையாடுவதை நிறுத்துவதைவிடப் பெரிய பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. இவை எல்லாம் அனுமதிப்பத்திரத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் இருந்தால்தான் நடக்கும். எங்கள் ஏஜென்ட்டுகள் செய்வது நேர்மாறு. காசு முடிந்துவிட்டதா, "பரவாயில்லை தம்பி, பிறகு தாங்கோ" என்று கடனுக்குச் சிப்ஸ் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கடனை வசூலிக்க வீட்டுக்கே வருவார்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு அழைக்க ஒரு இலக்கம் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது, ஆனால் மகனின் பெயரை எல்லா மேசையிலிருந்தும் எடுக்கச் சொல்ல இடமில்லை.

அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒழுங்குவிதிகளில் நான் எதிர்பார்ப்பது இவற்றைத்தான். விளையாடுபவர் காசு தனிக் கணக்கில் இருக்க வேண்டும், நிறுவனம் விழுந்தாலும் அது விழக்கூடாது. கடனுக்கு விளையாட்டு இல்லை. நாள் எல்லையும் மாத எல்லையும் விளையாடுபவரே வைக்கலாம், குறைத்தால் உடனே, கூட்டினால் சில நாள் பொறுத்துத்தான் அமுலாக வேண்டும். நள்ளிரவு விதியைத் தமிழ்நாட்டிடமிருந்து அப்படியே எடுக்கலாம். கசினோவுக்குப் பொருந்தும் அதே சட்டத்தைப் போக்கர் மேல் போடாமல், ஆளுக்கு ஆள் விளையாடும் விளையாட்டு என்று தனியாகப் பார்க்க வேண்டும். அப்புறம் முறைப்பாட்டுப் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். இதைச் சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். தன் மொழியில் எழுத முடியாத முறைப்பாட்டைப் பெரும்பாலானோர் எழுதுவதே இல்லை, எத்தனை அலுவலகங்களில் இதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

போன மாதம் அந்தப் பெடியனை அதே கடையில் மறுபடியும் கண்டேன். விட்டுவிட்டாயா என்று கேட்டேன். இல்லை, வேறு கிளப், வேறு ஏஜென்ட். இந்த முறை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை காசை எடுத்துவிடுகிறானாம், 5,000 ரூபாவுக்கு மேல் உள்ளே வைப்பதில்லையாம். பழைய உரையாடலை அழித்தாயா என்று கேட்டதற்குப் போனை எடுத்துக் காட்டினான். "நாளைக்குப் போடுறன் தம்பி" அப்படியே இருந்தது. கீழே இன்னும் இரண்டு மூன்று செய்தி புதிதாக அனுப்பியிருந்தான்.